ஆறரைக்குக் கீழே

இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கிய பிறகு நான் பாதியாக இளைத்தேன். வெள்ளவத்தையில் கண்டவர் எல்லாம் என் உடம்பைப் பற்றியே கதைத்தார்கள். எனக்குத் தெரியவேண்டியிருந்தது ஒன்றுதான்: சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, போய்விட்டதா?

டொக்டர் முகத்தில் அடித்தாற்போல் சொன்னார். "குளிசையை முழுசா நிப்பாட்டி மூண்டு மாசம் போகவேணும். பிறகு மூண்டு மாசச் சீனியைக் காட்டுற எச்பிஏ1சி ஆறரைக்குக் கீழ இருந்தால்தான் ரெமிஷன். குளிசை போட்டுக்கொண்டு வாற நம்பர் கணக்கில இல்லை. அப்பவும் மாறிட்டுது எண்டு சொல்லமாட்டன், அடங்கி இருக்கு எண்டுதான் சொல்லுவன். வருஷா வருஷம் பாக்கவேணும்."

அம்மாவிடம் சொல்லிக் குளிசையை நிறுத்தினேன். கோயில் மோதகத்தைக்கூடத் தொடவில்லை. காலையில் அம்மா கரைத்துத் தரும் புரோட்டீன் மாவைக் குடித்துவிட்டு வேலைக்குப் போவேன். மூன்று மாதம் கழித்து ஐந்து தசம் ஒன்பது வந்தது. காலிக்குப் போகும் பெருவீதியில், பஸ்களின் இரைச்சலுக்குள் நின்று அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

எனக்குப் பேசிக்கொண்டிருந்த லண்டன் மாப்பிள்ளை வீட்டாருக்கு ரிப்போர்ட்டைப் படம்பிடித்து அனுப்பிய பிறகுதான் அம்மா எனக்குத் தேத்தண்ணீர் தந்தார். பின்னேரம் கல்கிசைச் சின்னம்மாவோடு போனில் கதைத்தது என் காதில் விழுந்தது. "அவள் நிப்பாட்டினால் நானும் விட்டிடுவனே? ஒப்பரேஷனுக்குப் பிறகு விழுங்கேலாது எண்டு குளிசையை இடிச்சு மாவில கரைச்சுக் குடுத்தனான். அதை நான் நிப்பாட்டேல்லை."

"என்னம்மா செய்தனீங்கள்? அந்த ரிப்போர்ட் இனிக் குப்பை!" என்று கத்தினேன்.

"நம்பர் நல்லாத்தானே வந்தது? உன்ர நல்லதுக்குத்தான் பிள்ளை. ஆருக்குத் தெரியப்போகுது?"

எனக்குத் தெரியுமே. அந்த நிமிடம் அம்மாவை வெறுத்தேன். இப்போதும் அதை மாற்றி எழுத மனமில்லை.

குளிசைகளைப் பறித்து அலுமாரியில் பூட்டினேன். மாவை நானே கரைத்தேன். மறுபடி மூன்று மாதம். இம்முறை ஏழு தசம் நான்கு. டொக்டர் பழைய குளிசையையே எழுதித் தந்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மாவின் முகத்தில் கவலைக்கு முந்தி வெற்றி வந்தது.

"பாத்தியே? அப்ப உன்னைக் காப்பாத்தினது ஆர்? இந்த ரிப்போர்ட்டை ஒருத்தருக்கும் காட்டிப்போடாத."

மறுநாள் காலை என் கண்முன்னாலேயே குளிசையை இடித்துக் கரைத்து நீட்டினார். எனக்கு இப்போது விழுங்க முடியும் என்பது அவருக்குத் தெரியும். சண்டை பிடிக்கத் தெம்பில்லாமல் வாங்கிக் குடித்தேன்.

"கைக்குதோ?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். குணமாகிவிட்டேன் என்று நம்பிய அந்த மூன்று மாதமும் இதே சுவைதான்.