பாபா சரி என்று சொன்னபோது

என் அக்கா மகள் மஸ்ரத் போர் நடந்த நாட்டிலிருந்து பழ லாரியில் வீடு வந்து சேர்ந்தாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

அந்த ஜூன் மாதம் ஈரானில் குண்டு விழத் தொடங்கியதும், அவள் படித்துக்கொண்டிருந்த மருத்துவக் கல்லூரி வெளிநாட்டுப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி மஷாதுக்கு அனுப்பியது. அங்கிருந்து விமானத்தில் டில்லி. அவளுடைய அப்பா குலாம் ஹசன் அன்றைக்கு டில்லி ஆசாத்பூர் பழ மண்டியில் செர்ரிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். செய்தி வந்ததும் லாரியை மண்டியிலேயே நிறுத்திவிட்டு ஆட்டோவில் விமான நிலையம் போய் மகளைக் கூட்டி வந்தார். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் பலகையில் கம்பளியை விரித்துப் படுக்கவைத்தார். வழியெல்லாம் தூங்கினாளாம். காஷ்மீருக்குள் நுழையும் பனிஹால் மலைச் சுரங்கத்துக்குள் மட்டும் கண் விழித்து, "பாபா, நமக்கு மேல என்ன இருக்கு?" என்று கேட்டாளாம்.

"முழு மலையும் இருக்கு."

"அப்ப சரி" என்று திரும்பிப் படுத்துவிட்டாளாம். இதை குலாம் ஹசன் மச்சான் என்னிடம் நாலைந்து தடவை சொல்லிவிட்டார்.

எங்கள் ஊர் மாகாம் கடைத்தெருவில் எனக்கு மருந்துக் கடை. மஸ்ரத் சின்ன வயதிலிருந்தே அங்கேதான் கிடப்பாள். பள்ளி விட்டு வந்ததும் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வந்து போகிறவர்கள் எப்படி இருமுகிறார்கள் என்று எனக்கு நடித்துக் காட்டுவாள். ஸ்ரீநகர் பட்டமாலூவுக்குப் போகும் பஸ் கண்டக்டரின் குரல், பள்ளி வாத்தியார் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிடுகிற விதம், எல்லாம் அப்படியே வரும். என் மனைவி நான் நடப்பதுபோல அவளை நடக்கச் சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். படிப்பிலும் சுட்டிதான். நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் அரசு இடம் கைக்கெட்டும் தூரத்தில் தவறியது. தனியார் கல்லூரி என்றால் லாரியை விற்றாலும் காணாது. ஈரானில் நம்மால் முடிகிற செலவில் இடம் கிடைத்தது. போனாள். இரண்டு வருடம் முடித்தாள்.

ஊர் திரும்பிய முதல் வாரமே கடையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். வாடிக்கையாளர்கள் ஓடிவிடுவார்களோ என்று நான் பயப்பட வேண்டியதாகிவிட்டது. "அஞ்சு நாள் மாத்திரையை ரெண்டு நாள்ல நிறுத்துறீங்களே, கிருமி உங்களைப் பாத்துச் சிரிக்காதா?" என்று ஊர்ப் பெரியவர்களை மிரட்டுவாள். அவர்களும் திட்டு வாங்கவே வந்தார்கள்.

ஆகஸ்டில் கல்லூரியிலிருந்து தகவல் வந்தது. செப்டம்பர் கடைசி வாரம் வகுப்பு தொடங்குகிறது, வராதவர்களுக்கு அந்த வருடம் போய்விடும். நடுவில் வேறு நாட்டுக் கல்லூரிக்கு மாறவும் விதி இடம் தராது என்று நாங்கள் விசாரித்த எல்லோரும் சொன்னார்கள். ஒன்று திரும்பிப் போக வேண்டும், இல்லாவிட்டால் டாக்டர் ஆகும் ஆசையை விட வேண்டும்.

மச்சான் ஒரே வார்த்தையில் முடித்தார். "வேண்டாம்."

"பாபா, சண்டைதான் நின்னுடுச்சே!"

"நின்னது எப்ப வேணாலும் கிளம்பும். என் லாரி மாதிரி."

அன்றிலிருந்து வீட்டில் தினமும் இதே பேச்சு. பக்கத்து வீட்டு சோஃபி சாஹிப் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது ஊர் உலகத்துக்கெல்லாம் யோசனை சொல்வதுதான் அவர் வேலை. உப்புத் தேநீருக்கு வந்து உட்கார்ந்தார்.

"பொம்பளப் பிள்ளைய குண்டு விழுற ஊருக்கு அனுப்புவாங்களா, ஹலீமா?" என்றார் என் அக்காவிடம்.

மஸ்ரத் விடவில்லை. "இங்க மட்டும் என்ன விழுந்துச்சாம், பூவா? மே மாசம் நீங்க எங்க இருந்தீங்க சாஹிப்? எங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழதானே?"

சோஃபி சாஹிப் தேநீரை ஊதினார். அவள் சொன்னது உண்மை. மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் எங்கள் தலைக்கு மேலேயே சண்டை போட்டபோது மாடிப்படிக்கு அடியில் ஒன்பது பேர் ஒடுங்கிக் கிடந்தோம். அப்போது மஸ்ரத் ஈரானிலிருந்து போன் செய்து அழுதாள். "எல்லாரும் கிளம்பி இங்க வந்துடுங்கம்மா, இங்க ஒரு பயமும் இல்ல" என்றாள். சரியாக ஒரு மாதம் கழித்து, அதே சொற்களை என் அக்கா அவளிடம் சொல்லி அழுதாள்.

மஸ்ரத் வாதாடுவதைக் கேட்டால் நாளைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்றுதான் தோன்றும். எனக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் மதியம் எதிர்க் கடைக்காரர் இரும்பு ஷட்டரைக் கைநழுவ விட்டார். தடாலென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் மஸ்ரத்தைக் காணோம். குனிந்து பார்த்தேன். மேஜைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னடா கண்ணு?"

"பாராசிட்டமால் அட்டை ஒண்ணு விழுந்துடுச்சு மாமா. தேடுறேன்."

நானும் தேடுவதுபோல நடித்தேன். வேறென்ன செய்வது?

இந்தச் சமயத்தில் ராம்பன் பக்கம் மலை சரிந்து நெடுஞ்சாலையை மூடிவிட்டது. மச்சான் பேரிக்காய் ஏற்றிய லாரியோடு வழியில் மாட்டிக்கொண்டார். ஐந்து நாள். ஆறாம் நாள் காலை தாடியும் தூசியுமாக வீடு வந்தார். பேரிக்காயில் பாதி அழுகியிருந்தது. குளித்துவிட்டு வந்து சமையலறையில் உட்கார்ந்து, ரொட்டியைத் தேநீரில் தோய்த்தார். மஸ்ரத்தும் நானும் அங்கே இருந்தோம்.

"அஞ்சு நாளா யோசிச்சேன்" என்றார். "முப்பது வருசமா இந்த ரோட்டுல போறேன். கல்லு விழுது, பனி விழுது, சில வருசம் துப்பாக்கிச் சூடு. ஒரு தடவையாவது வீட்டுல யாராவது என்னைப் போகாதேன்னு சொல்லியிருக்காங்களா? பிழைப்பு அந்தப் பக்கம் இருக்கு, போறேன். அவ படிப்பும் அந்தப் பக்கம்தான் இருக்கு. போகட்டும். சரின்னு சொல்றேன்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். நான் மஸ்ரத்தைப் பார்த்தேன். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவளோ ரொட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு வாய்விட்டு அழத் தொடங்கினாள்.

"ஏன் பாபா சரின்னு சொன்னீங்க?"

"என்னது?"

"நீங்க வேண்டாம்னு சொல்லுவீங்கங்கிற தைரியத்துலதானே நான் சண்டை போட்டேன்! எனக்குப் பயமா இருக்கு பாபா. குக்கர் விசில் அடிச்சாலே காதைப் பொத்திக்கிறேன். போகலன்னு நானே சொன்னா எல்லாரும் என்ன நினைப்பீங்க? நீங்க தடுத்ததா இருக்கட்டும்னு நினைச்சேன்."

மச்சான் ரொட்டியைக் கீழே வைத்தார். லாரி ஓட்டும் அந்தப் பெரிய கைகளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. "சரி, அப்பப் போகாதே. முடிஞ்சது. அழாதே."

"அப்படியும் சொல்லாதீங்க!"

"இந்தப் பொண்ணோட என்னதான் பண்றது?" என்று மச்சான் என்னைப் பார்த்தார். அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை. மகளை இழுத்து மடியில் சாய்த்து, "உன் பீடையெல்லாம் எனக்கு வரட்டும், ரெண்டு மாசமா இதை நெஞ்சுக்குள்ளயா வச்சிருந்தே?" என்று தலையைக் கோதினாள்.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அது மறுபடி கிளம்பக் காரணம் மஹீன் கானம்தான்.

மஹீன் கானம் மஸ்ரத் இருந்த விடுதியின் காப்பாளர், ஐம்பது வயதுப் பெண்மணி; கானம் என்பது அங்கே பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நாங்கள் எல்லோரும் வீட்டில் இருந்தபோது வீடியோவில் கூப்பிட்டார். மஸ்ரத் விடுதி முற்றத்தில் நம் ஊர் ஹாக் கீரை விதையைத் தூவிவிட்டு வந்திருந்தாள். அது முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டதாம். கானம் தண்ணீர் ஊற்றியே காப்பாற்றியிருக்கிறார். இதை எப்படிச் சமைப்பது என்று கேட்கத்தான் கூப்பிட்டாராம். கேட்டுக்கொண்டே கையில் கத்தியோடு இலைகளைப் பொடிப் பொடியாக நறுக்க ஆரம்பித்தார்.

என் அக்கா மஸ்ரத்தின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "ஐயோ, வெட்டாதீங்க! முழு இலையாப் போடணும்! மூடி போட்டுடாதீங்க, நிறம் போயிடும்!"

அக்காவுக்குப் பாரசீகம் தெரியாது, கானத்துக்குக் காஷ்மீரி தெரியாது. பாதிச் சொற்கள் இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் பாதி புரிந்தது. மீதியை மஸ்ரத் மொழிபெயர்த்தாள். கடுகெண்ணெய் அங்கே கிடைக்காது என்று தெரிந்ததும் அக்கா துக்கம் விசாரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டாள்.

கீரை கொதிக்கும்போது அக்கா மெதுவாகக் கேட்டாள். "சண்டை நடந்தப்ப பிள்ளைங்களை எங்க வச்சிருந்தீங்க? காட்டச் சொல்லு."

கானம் போனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். தாழ்ந்த கூரை, ஊறுகாய் ஜாடிகள், மூலையில் மடித்து வைத்த மெத்தைகள். அக்கா உன்னிப்பாகப் பார்த்தாள். "தரை ஈரமா இருக்கே. கீழே பாய் போடச் சொல்லு." கானம் தலையாட்டினார். பிறகு அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். மஸ்ரத் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள்.

"என்ன சொல்றாங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

கானம் விடவில்லை. போனை ஜாடி மேல் சாய்த்து வைத்துவிட்டு நடித்தே காட்டினார். ஒரு பேராசிரியர் கூன் போட்டு நடப்பது, கரும்பலகையில் எழுதிவிட்டு விரலை நக்குவது. நடிப்பு படுமோசம். ஆனாலும் எங்களுக்கு உடனே புரிந்துவிட்டது, அது மஸ்ரத்தின் வேலை. மேலே குண்டுச் சத்தம் கேட்க, கீழே நாற்பது பெண்களை அவள் அந்த நாலைந்து நாளும் சிரிக்கவைத்திருக்கிறாள்.

"பயமா இருந்துச்சுன்னு சொன்னியே?" என்றார் மச்சான்.

"பயத்துலதான் பண்ணேன் பாபா. சும்மா இருந்தா எத்தனை விழுந்துச்சுன்னு எண்ண ஆரம்பிச்சுடுவேன்."

அக்கா கடைசியாக ஒன்று கேட்டாள். "உங்களுக்குப் பொண்ணு இருக்கா?" இருக்கிறாள், பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்றார் கானம். சண்டை நடந்த நாட்களிலும் வேலைக்குப் போனாளா என்று அக்கா கேட்க, போனாள் என்று தலையாட்டினார். மகள் வீடு திரும்பும்வரை தான் தினமும் வாசலிலேயே நின்றதாகச் சொன்னார். வா என்றோ வராதே என்றோ மஸ்ரத்திடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் மஸ்ரத் கடைக்கு வந்தாள். மதியத் தொழுகைக்காக நான் ஷட்டரை இறக்கப் போனபோது, "மாமா, வேகமா இறக்குங்க. சத்தம் வரட்டும்" என்றாள்.

"எதுக்கு?"

"இறக்குங்களேன்."

இறக்கினேன். துள்ளி விழுந்தாள். "இன்னொரு தடவை." மறுபடி தூக்கி இறக்கினேன். பத்துப் பன்னிரண்டு தடவை இருக்கும். எதிர்க் கடைக்காரர் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று வெளியே வந்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைசி முறையும் அப்படித்தான். ஆனால் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், குனியவில்லை.

"பயம் போகல மாமா" என்றாள் நெற்றியைத் துடைத்தபடி. "ஆனா நிக்க முடியுது. போறேன்."

வீட்டில் அவளே சொன்னாள். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தாள். "எனக்குப் பயமா இருந்தா நானே சொல்லுவேன் பாபா. சொன்னா, யாரும் எதுவும் கேக்காம டிக்கெட் போடணும். சொல்லாத வரைக்கும் யாரும் என் சார்பா பயப்படக் கூடாது."

"உன் சார்பா பயப்படாம இருக்க முடியாது" என்றாள் அக்கா. "ஆனா வாயைத் திறக்க மாட்டேன்."

செப்டம்பர் கடைசியில் ஸ்ரீநகர் விமான நிலையத்தில் விட்டோம். பெட்டியில் துணியைவிட உலர்ந்த மிளகாயும் வற்றல் கத்தரிக்காயும்தான் அதிகம். எடை கூடிவிட்டதென்று அங்கேயே திறந்து, ஒரு மிளகாய் மூட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார்கள். மஸ்ரத் உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுவாள் என்று எங்கள் எல்லோருக்குமே தெரியும்.

குளிர்காலத்தில் ஒரு முறை ஈரானில் போன், இன்டர்நெட் எல்லாவற்றையும் துண்டித்துவிட்டார்கள்; பதினொரு நாள் அவளுடைய போன் கிடைக்கவில்லை. அந்த நாட்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. மச்சான் லாரியை எடுக்கவே இல்லை. அக்கா கொடுத்த வாக்குப்படி வாயைத் திறக்கவில்லை, சோறும் இறங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை போன் மணி அடித்தது. வீட்டுக் கூடத்துக்கு எல்லோரும் ஓடி வந்தோம்.

"அம்மா, நோயியல் பரீட்சையில ரெண்டு மார்க் குறைச்சுட்டான் அந்த ஆளு! விடையெல்லாம் சரி, கையெழுத்து புரியலையாம்!"

"பதினொரு நாள் கழிச்சு இதைத்தான் சொல்ல வந்தியா, பாவி?" என்று அக்கா கத்தினாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, அந்தப் பேராசிரியர் எப்படிப்பட்ட ஆள், கல்யாணம் ஆனவரா, எதற்காகப் பிள்ளைகளின் மார்க்கைக் குறைக்கிறார் என்று விசாரிக்கத் தொடங்கினாள். மச்சான் சாவியை எடுத்துக்கொண்டு லாரியைப் பார்க்கப் போனார்.