கிரைண்டருக்கு அடியில் கர்டர்

ஸ்ரீரங்கத்தில் நான் மாவுக் கடை நடத்தும் இடம் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதி. மேலே வீட்டுக்காரர் குடியிருக்கிறார். என் கிரைண்டர் ஓடினால் தன் வீடு ஆடுகிறது என்று மூன்று மாதமாக வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தார். இறங்கி வந்தால் பதினாறு படி. இறங்க மாட்டார். டம்ளரில் காபி, அதில் வட்டம் வட்டமாக அலை, அது ஒரு வீடியோ. சுவரில் மாட்டிய பெருமாள் படம் ஆடுவது இன்னொன்று. கடைசியில் வீடியோ இல்லை, எழுத்து. ஒன்றாம் தேதிக்குள் ஆட்டம் நிற்கவில்லையென்றால் கடையைக் காலி செய்ய வேண்டும்.

பதினொரு வருஷமாக நடக்கும் கடை. பக்கத்துத் தெருவுக்கு மாறினாலும் பாதிப் பேர் பாக்கெட் மாவுக்குப் போய்விடுவார்கள். புருஷன் செத்த பிறகு எனக்கு அந்தக் கடைதான் சோறு போட்டது. அதனால் திட்டவேண்டிய ஆளைத் திட்டாமல் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

அண்ணன் துவாக்குடிப் பக்கம் பாய்லர் பட்டறையில் முப்பது வருஷம் வெல்டராக இருந்தவர். நான் கேட்டது மெல்லிய இரும்புச் சட்டத்தில் செய்யும் ஒரு ஆங்கிள் ஸ்டாண்டு. ஊரில் எல்லாரும் கிரைண்டருக்குப் போடுவது அதுதான். அடியில் நாலு ரப்பர் கட்டை வைத்தால் வேலை முடிந்தது. அவர் வந்து, ஓடும் கிரைண்டருக்குப் பக்கத்தில் தரையில் காதை வைத்துப் படுத்தார்.

“ஆங்கிள்லாம் செருப்பு வைக்கத்தான் பாப்பா,” என்றார்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருக்கு இன்னும் பாப்பா.

அடியில் கனம் இருந்தால்தான் ஆட்டம் மேலே ஏறாது என்று சொல்லிவிட்டுப் போனவர், மூன்றாம் நாள் மினி லாரியில் வந்து இறங்கினார். லால்குடிப் பக்கம் ஒரு பழைய ரைஸ் மில்லை இடிக்கிறார்களாம். அதன் கூரையைத் தாங்கிய கனத்த இரும்பு உத்தரங்களை, கர்டர்களை, வாங்கி வந்திருந்தார். இறக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. எதிர் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, கொள்ளிடத்துக்கு இன்னொரு பாலமா என்று கேட்டார்.

கடைக்குள்ளேயே வைத்து வெல்டிங் செய்தார். நாலு நாள் கடை மூடிக் கிடந்தது. கிரைண்டருக்கு மூன்றடி இடம் போதும். ஸ்டாண்டு எட்டடி நீளம் வந்தது. நல்ல இரும்பை வெட்ட அவருக்கு மனசு வரவில்லை. மீதி ஐந்தடியில் நான் என்ன, படுத்துத் தூங்குவதா என்று கேட்டேன். பின்னாடி உதவும் என்றார்.

வேலை முடிந்தது என்று கிரைண்டரைத் தூக்கி வைக்கப் போனேன். குறுக்கே வந்து நின்றார்.

“இன்ஸ்பெக்ஷன் ஆகலை பாப்பா. யாரும் கை வைக்கக் கூடாது.”

தன் வெல்டிங்கைத் தானே சரி என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லையாம். வேறொருவர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டுமாம். இதில் நீராவி ஓடப்போவதில்லை, உளுந்துதான் ஓடப்போகிறது என்று கத்தினேன். மாதம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது. அவர் அசையவில்லை.

அண்ணன் கூப்பிட்டு வந்தவர் அதே பட்டறையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் அண்ணன் செய்த வேலையைத் தள்ளுபடி செய்தே சம்பளம் வாங்கியவர். அந்த ஆளை அண்ணனுக்குக் கண்டாலே ஆகாது, ஆனால் அவர் கண்ணைத் தவிர வேறு கண்ணை நம்பவும் மாட்டார். புத்தூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மஞ்சள் பையோடு வந்து சேர்ந்தார். பையில் டார்ச், பூதக்கண்ணாடி, கைக்கண்ணாடி. தரையில் மல்லாந்து படுத்து ஸ்டாண்டுக்கு அடியில் நகர்ந்தார். முக்கால் மணி நேரம் கழித்து கடுகளவு ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து, சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டுக் கிளம்பினார். அண்ணன் அவரை வைத வசவுகளை இங்கே எழுத முடியாது. வைதுகொண்டே அந்த இடத்தை அராவி மறுபடி பற்றவைத்தார். ஒரு நாள் போயிற்று.

மறுநாள், மாதத்தின் கடைசி நாள். இன்ஸ்பெக்டர் காலையிலேயே வந்து வெல்டிங்கைப் பார்த்தார், தலையாட்டினார். இனி லோடு டெஸ்ட் என்றார். கிரைண்டரும் மாவும் சேர்ந்த எடைக்கு இரண்டு மடங்கு ஏற்றி, பத்து நிமிஷம் நிறுத்த வேண்டும். என்னிடம் இருந்தது நாலு மூட்டை அரிசி. போதவில்லை. கடை திறந்துவிட்டது என்று நினைத்துப் பாத்திரத்தோடு வந்தவர்கள் ஏழு பேர். அவர்களை ஸ்டாண்டில் ஏறி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார்கள். டவுன் பஸ்ஸின் கடைசி சீட் மாதிரி வரிசையாக, மடியில் பாத்திரத்தோடு. இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் உட்கார்ந்திருந்த அம்மாள், இது முடிந்தால் மாவு கிடைக்குமா என்று என்னிடம் கேட்டார்.

ஆறாவது நிமிஷம் வீட்டுக்காரர் இறங்கி வந்தார். மூன்று மாதத்தில் முதல் தடவை.

“ஏம்மா, இவ்ளோ இரும்பைக் கொட்டியும் ஆட்டம் நிக்கலையே. மேல வந்து பாரு, இப்பத்தான் டம்ளரே கீழ விழுந்துச்சு. நாளைக்குக் காலி பண்ணிடு.”

கடையில் சத்தமே இல்லை. ஏழு பேரும் ஸ்டாண்டிலிருந்து அவரையே பார்த்தார்கள்.

“இப்ப எது சார் ஓடுது?” என்றார் இன்ஸ்பெக்டர், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

“கிரைண்டர்தான்.”

“கிரைண்டர் அந்த மூலைல ஒயரைச் சுருட்டிக் கிடக்கு. இவங்க ஏழு பேரும் ஓடலை, உக்காந்திருக்காங்க.”

எனக்கு உடனே மேலே ஓட வேண்டும் போல இருந்தது. இன்ஸ்பெக்டர் விடவில்லை. மிச்சம் நாலு நிமிஷமும் முடிந்து, எல்லாரையும் இறக்கி, ஸ்டாண்டு பாஸ் என்று சொன்ன பிறகுதான் டார்ச்சை எடுத்துக்கொண்டு படியேறினார். நாங்கள் பின்னால் போனோம்.

மாடியில் கொல்லைப்பக்கம் வாஷிங் மெஷின் துணி பிழிந்துகொண்டிருந்தது. சாமி வந்த மாதிரி குதித்தது. நாலு காலில் ஒரு கால் உடைந்து மூன்று மாதமாகிறதாம். அதற்குப் பதிலாக ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். காலையில் நான் மாவரைக்கும் நேரம்தான் அவர்கள் துணி துவைக்கும் நேரம். இன்ஸ்பெக்டர் அது நிற்கும்வரை காத்திருந்து, அதன் வெள்ளை வயிற்றில் சிவப்பு சாக்பீஸால் பெரிய பெருக்கல் குறி போட்டார். அண்ணன் சரிதான் என்று தலையாட்டினார். அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன்.

“மூணு மாசமா வீடியோ வீடியோவா அனுப்பினீங்களே சார்,” என்றேன். “ஒரு நாளாவது குனிஞ்சு இந்தக் கொட்டாங்குச்சியைப் பாத்தீங்களா?”

அவர் கொட்டாங்குச்சியைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

“அப்ப அந்த ஸ்டாண்டு உனக்குத் தேவையில்லையேம்மா. மேல தூக்கிட்டு வந்து இதுக்குப் போட்டுடலாமே.”

அண்ணன்தான் பதில் சொன்னார். “போடலாம் சார். ஸ்டாண்டு நிக்கும். உங்க வீடு நிக்காது.”

காலி செய்யச் சொன்ன அதே வாட்ஸ்அப்பில், காலி செய்ய வேண்டாம் என்று வீட்டுக்காரரை எழுதி அனுப்பச் சொன்னேன். என் பக்கத்தில் நின்றபடியே தட்டினார். அது என் போனில் வந்து சேர்ந்ததைப் படித்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன். மறுநாள் ஒன்றாம் தேதி, விடிந்ததும் ஸ்டாண்டில் கிரைண்டரை ஏற்றி அரைத்தேன். டம்ளர் வீடியோ வரவில்லை.

ஸ்டாண்டின் மீதி ஐந்தடியில் இப்போது அந்த வாஷிங் மெஷின் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் அது மேலே இருந்தால் இன்னொரு நாள் இன்னொரு டம்ளர் விழும், பழி என் தலையில் விழும். என் கண்ணெதிரே ஆடட்டும் என்று ஒப்புக்கொண்டேன். மதியம் இரண்டு மணிக்குக் கடையைக் கழுவிவிட்ட பிறகுதான் துணி என்பது நிபந்தனை. புதுக் காலும் போட்டாயிற்று. ஆனால் சாக்பீஸ் குறி இன்னும் அழியவில்லை. போட்டவர் வந்து பார்த்து அழிக்கும்வரை சுவிட்சைப் போடக் கூடாது என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்காரர் தினமும் இரண்டு மணிக்குப் பதினாறு படியும் இறங்கி, துணி வாளியோடு வந்து நிற்கிறார். நேற்றும் நின்றார்.

“புத்தூர்க்காரர் எப்பம்மா வருவாரு?”

“தெரியலை சார். வாட்ஸ்அப்புல ஒரு வீடியோ அனுப்பிப் பாருங்க,” என்றேன்.