அண்ணன் எழுப்பி நிறுத்திய செவலை

குதிரையின் காலெலும்பையும் திருகாணி போட்டு இணைக்கலாமே என்ற எண்ணம் எங்கள் அண்ணனுக்கு முதன்முதலில் தோன்றிய இடம், சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில் சித்தப்பாவின் கட்டிலருகே. லாரியிலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்திருந்த சித்தப்பாவின் எக்ஸ்ரே படத்தை டாக்டர் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கறுப்புப் படத்தில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அதன் குறுக்கே, அதைவிட வெள்ளையாக மூன்று திருகாணிகள். அண்ணன் அதை வாங்கியவர் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

“மனுசனுக்கு ஒட்டுறது குதிரைக்கு ஒட்டாதா?” என்று கேட்டார்.

“என் காலப் பாத்துட்டு இவன் எங்க போறான் பாரு,” என்றார் சித்தப்பா. “நான் என்ன பினாங்குக்குப் பந்தயம் ஓடவா போறேன்?”

உடன் இருந்த எல்லாரும் சிரித்தோம். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

அண்ணன் பிறந்தது கூலிமுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். அப்பா தவறியபோது மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, துரையின் குதிரை லாயத்தில் புல்லறுக்கச் சேர்ந்தார். இருபது வயதுக்குள் லாயம் முழுவதும் அவர் பொறுப்பில் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு குளம்புச் சத்தத்தைக் கேட்டே எந்தக் கால் நோகிறது என்று சொல்லிவிடுவார். தமக்குக் கிடைக்காத படிப்பைக் கடைசித் தங்கையான எனக்குக் கிடைக்கச் செய்தார். தினமும் விடிந்ததும் சைக்கிளில் கொண்டுபோய் என்னை இங்கிலீஷ் பள்ளிக்குப் பஸ் ஏற்றிவிட்டவர் அவர்தாம். வழியெல்லாம் நான் ஓயாமல் பேசுவேன். “மூச்சு விட்டுட்டுப் பேசு பாப்பா, பஸ் ஓடிடாது,” என்பார்.

செவலை என்பது துரையின் பந்தயக் குதிரை. துரை வைத்த இங்கிலீஷ் பெயர் வேறு. லாயத்தில் அதை யாரும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த இரண்டாம் மாதம், காலைப் பயிற்சி ஓட்டத்தில் செவலையின் வலது முன்னங்கால் முறிந்தது. கால் முறிந்த குதிரையைச் சுடுவதுதான் எங்கும் வழக்கம். துரை துப்பாக்கியோடு வந்தார். அண்ணன் குதிரைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

“சுடறதுக்கு ஒரு நிமிசம் போதும் துரை. அத நாளைக்கும் செய்யலாம். இன்னிக்கு மிருக டாக்டரக் கூப்பிடுங்க.”

அலோர் ஸ்டாரிலிருந்து வந்த மிருக டாக்டர் இளைஞர். எலும்பு துண்டாகவில்லை, மூட்டிலிருந்து மேல்நோக்கி நீளவாக்கில் விரிசல் விட்டிருக்கிறது என்று படம் எடுத்துச் சொன்னார். இரண்டு திருகாணிகளால் இறுக்கிவிட்டால் கூடலாம். ஆனால் தாம் இதைப் படித்ததோடு சரி, செய்ததில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

“படிச்சத என்னைக்காவது செஞ்சு பாக்கணும்ல ஐயா,” என்றார் அண்ணன்.

சித்தப்பாவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரே திருகாணிகள் தந்து உதவினார். காலியாகக் கிடந்த ரப்பர் ஸ்டோரில் முழங்கால் உயரம் வைக்கோல் பரப்பினோம். காலை பத்து மணிக்குத் தொடங்குவதாக ஏற்பாடு. ஆனால் அவசரகாலச் சோதனைச் சாவடிகளில் மிருக டாக்டரின் மருந்துப் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கப்பட்டன. குதிரைக்கென்று வாங்கிவந்த தவிட்டு மூட்டையைக்கூடக் காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகும் உணவோ என்று சாலையில் கொட்டிப் பார்த்தார்களாம். அவர் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு தாண்டிவிட்டது.

அறுவை நன்றாகவே முடிந்தது. ஆபத்து அதற்குப் பிறகுதான் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். மயக்கம் தெளியும் குதிரை பயந்துபோய், கால் நிதானப்படும் முன்பே எழப் பார்க்கும். எழுந்து விழுந்தால் கூட்டிய எலும்பு தூள்தான். ஆகவே தலைக்கும் வாலுக்கும் கயிறு கட்டி நான்கு பேர் பிடித்திருந்தார்கள். செவலை காதை அசைத்தது. அந்த நேரம் பார்த்து ஊரடங்குச் சங்கு ஊதியது.

சங்கு ஊதினால் தொழிலாளர் குடியிருக்கும் வேலியடைத்த லயத்துக்குள் இருக்க வேண்டும். வெளியே கண்டால் சுடுவார்கள். வருடக் கணக்கில் பழகிய ஓட்டம் அது. நான்கு பேரும் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள்.

அண்ணன் செவலையின் கழுத்தின் மேல் படுத்துவிட்டார். தோள்துண்டால் அதன் கண்ணை மூடி, காதோரம் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். டாக்டர் ஒரு கயிற்றையும் நான் ஒரு கயிற்றையும் பிடித்தோம். அரைமணி நேரம் கழித்து, “இப்ப விடுங்க” என்றார் அண்ணன். செவலை ஒரே மூச்சில் எழுந்து நின்றது. மூன்று கால்களை ஊன்றி, நான்காவதை மெல்ல வைத்துப் பார்த்தது.

ஊரடங்கு மீறியதற்காக மறுநாள் அண்ணனைப் போலீஸ் நிலையத்துக்கு அழைத்தார்கள். “குதிரைக்கு ஊரடங்கு தெரியாதுங்க,” என்று சொல்லிவிட்டு வந்தார். ஓடிப்போன நால்வரும் லாயத்து வாசலில் தலைகுனிந்து நின்றார்கள்.

“சங்கு கேட்டா காலு தானா ஓடுதுண்ணே.”

“ஒங்க காலு நல்லா இருக்கு, ஓடுது. இது காலும் அப்பிடி ஓடணும்லா. போய்த் தண்ணி கொண்டாங்க.”

அவர்களை நாங்கள் குறைசொல்ல அண்ணன் அனுமதித்ததே இல்லை. இந்த நினைவுக் குறிப்பிலும் நாங்கள் சொல்லவில்லை.

மூன்று மாதம் செவலை லாயத்தை விட்டு வெளியே வரவில்லை. பிறகு நடை, பிறகு மெல்லோட்டம். மறுபடி பந்தயத்தில் ஓடும் என்று அண்ணனைத் தவிர ஒருவரும் நம்பவில்லை. பினாங்குப் பந்தயத்துக்கு நாள் குறித்தபோதுதான் அண்ணனுக்கு டைபாய்டு கண்டது.

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “இன்னிக்கு எப்பிடி ஓடுச்சு? தட்டிக் காட்டு.” கட்டிலின் இரும்புச் சட்டத்தில் செவலையின் குளம்படியை விரலால் தட்டிக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். “வலது முன்கால் லேசாத் தயங்குது பாப்பா. இன்னும் ரெண்டு வாரம் பொறுத்து ஓடவிடச் சொல்லு.” நான் துரையிடம் சொன்னேன். துரை மறுபேச்சில்லாமல் அந்தப் பந்தயத்தைத் தள்ளி அடுத்ததில் பெயர் கொடுத்தார். அந்த இரண்டு வாரம் முடிய அண்ணன் இருக்கவில்லை.

செவலை ஓடியது. மூன்றாவதாக வந்தது. ஓட்டம் முடிந்து திரும்பி நடந்துவந்தபோது கண்ணை மூடிக் குளம்புச் சத்தத்தைக் கேட்டேன். நான்கும் ஒன்றுபோல விழுந்தன. இதை யாரிடம் தட்டிக் காட்டுவது என்று தெரியாமல் நெடுநேரம் வேலியைப் பிடித்தபடி நின்றேன். அண்ணன் போன இந்த ஓராண்டாகப் பஸ்ஸுக்குத் தனியாகத்தான் நடக்கிறேன்; பேச எவ்வளவோ சேர்ந்துபோயிருக்கிறது.

அண்ணனின் நோய்ப்படுக்கையில் முறைவைத்து உடனிருந்த உறவினர்க்கும், கஞ்சி காய்ச்சி அனுப்பிய லயத்துத் தாய்மார்க்கும், இறுதி ஊர்வலம் ஊரடங்குக்கு முன் முடிய வழிவிட்ட காவலர்க்கும், இரண்டு டாக்டர்களுக்கும், துரைக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஈப்போவிலிருந்து ஒரு பெட்டைக் குதிரை வந்திருக்கிறது. இதற்கு எலும்பு குறுக்காகவே முறிந்துவிட்டது. தகடு வைத்து ஆறு திருகாணி போட வேண்டும் என்கிறார் மிருக டாக்டர். குதிரை எழும்போது அந்தக் கால் உடல் பாரத்தைத் தாங்காது என்றும் சொல்கிறார். தண்ணீரில் மிதக்கவிட்டே மயக்கம் தெளியவைத்தால் என்ன என்று கேட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். தாளை எடுத்துப் படம் போட ஆரம்பித்துவிட்டார். தோட்டத்தில் மாடுகள் இறங்கும் சரிவுத் தொட்டியை ஆழப்படுத்தியாயிற்று. காலி எண்ணெய்ப் பீப்பாய்களைக் கித்தானால் கட்டி, போன வாரம் ஓர் எருமையை மிதக்கவிட்டுப் பார்த்தோம். அது அசைபோட்டுக்கொண்டே மிதந்தது. குதிரை அவ்வளவு சாது இல்லை.

வரும் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அறுவை. தண்ணீருக்குள் நின்று தாங்க எட்டுப் பேர் தேவை. ஆறு பேர் சேர்ந்திருக்கிறோம். கழுத்தளவு நீரில் பயப்படாமல் நிற்கக்கூடிய இருவர், அடையாள அட்டையோடு ஆறரைக்கே வந்துவிடுங்கள்.