நான் உட்காராத பச்சை பெஞ்சு

போன கோடை வரை நான் பாரிஸைப் பார்த்ததே இல்லை!

இங்கே அமெரிக்காவில் நம் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து அந்த ஊருக்குப் போய்வந்த நண்பர்களே, உங்களில் பாதிப்பேர் என்னைக் கேட்டுத்தான் போனீர்கள். 'பாரிஸ் பாலா' என்று பெயரே வைத்தீர்கள். பதினான்கு ஆண்டுகள் நானும் கூச்சமில்லாமல் வழி சொன்னேன். கடைக்குள் நுழைந்ததும் 'போன்ஜூர்' என்று வணக்கம் சொல்லாமல் எதையும் கேட்காதீர்கள். பெரிய அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை போய் நிற்காதீர்கள், மூடியிருக்கும். சாப்பாட்டுக் கடையில் குழாய்த் தண்ணீர் கேளுங்கள், சும்மா கொடுப்பார்கள். சாம்பாருக்கு நாக்கு ஏங்கினால் லா ஷபேல் பக்கம் போங்கள், ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன...

அத்தனையும் சரியான தகவல். அத்தனையும் நான் படித்துத் தெரிந்துகொண்டவை.

ஒன்றே ஒன்று மட்டும் என் சொந்தச் சரக்கு. ஆற்றின் இடக்கரையில், சின்ன தேவாலயம் ஒன்றின் பின்னால், ஒரு குட்டிப் பூங்கா. அங்கே ஒரு பச்சை பெஞ்சு. மாலை ஐந்து மணிக்கு அதில் உட்காருங்கள், வெயில் வந்து மடியில் விழும்! நினைவிருக்கிறதா? அப்படியொரு பெஞ்சு இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது.

ஏன் அந்தப் பொய்யைச் சொன்னேன்?

அப்போது என் மனைவி ரேவதிக்கு ஏழாம் மாதம். அமெரிக்க விசா முத்திரைக்காக நான் மட்டும் சென்னை போய்த் திரும்பினேன். வரும்வழியில் பாரிஸ் விமான நிலையத்தில் எட்டு மணி நேரக் காத்திருப்பு. நம் இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு அந்த ஊர் விசா இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது என்பதுகூடத் தெரியாமல், போய் வரிசையில் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி தலையை மட்டும் ஆட்டினார். எட்டு மணி நேரமும் ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரமே ரேவதிக்கு வளைகாப்பு. "என்ன பாலா, பாரிஸ்ல வெளிய போனியா, இல்ல ஏர்போர்ட்லயே தூங்கினியா?" என்று யாரோ சீண்டினீர்கள். எல்லோரும் சிரித்தீர்கள். எனக்குச் சுருக்கென்றது. "போகாம என்ன? நல்லா சுத்தினேன்!" என்றேன்.

கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்த ரேவதி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

திரும்பும்போது காரில் அவள் கேட்டது ஒன்றுதான். "ஃபர்ஸ்ட் டைம் சேர்ந்துதான் போகணும்னு சொன்னீங்களே..."

அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வரி! என்னை உள்ளே விடவில்லை என்று ஒரே ஒரு வரி! ஆனால் நான் என்ன செய்தேன்? "எங்க சுத்தினேன்? ஒரு பச்சை பெஞ்சுல உட்கார்ந்து உன்னையே நினைச்சுட்டிருந்தேன்" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். மாட்டிக்கொள்ளக் கூடாதே என்ற பயத்தில் ஆரம்பித்தது, போகப்போக ஆசையாகிவிட்டது. எந்த மெட்ரோ எங்கே வளைகிறது, எந்தப் பாலத்தில் விளக்கு முதலில் எரிகிறது... ஒன்றையும் விடவில்லை! பார்க்காத ஊர் மேல் இப்படிப் பைத்தியம் பிடிக்குமா?

வேடிக்கையைக் கேளுங்கள். நம் வசந்தி ஆன்ட்டி அங்கிருந்து படம் அனுப்பினார்: "கண்டுபிடிச்சுட்டோம் பாலா! நீ சொன்ன அதே பெஞ்சு!" அடுத்த கோடையில் இன்னொருவர் அனுப்பினார். இரண்டும் வேறு வேறு பெஞ்சு! அவர்கள் மடியில் வெயில் நிஜமாகவே விழுந்திருந்தது. படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

ரேவதி மட்டும் ஒருநாளும் பாரிஸ் பேச்சை எடுக்கவில்லை. நான் யாருக்காவது வழி சொல்ல ஆரம்பித்தால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள்.

போன ஆண்டு எங்களுக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட் கிடைத்தது. மகள் நிலாதான் டிக்கெட் போடவைத்தாள். "அப்பா, நீங்கதான் எங்க கைட்!" என்று குதித்தாள். புறப்படுவதற்கு முன் மூன்று வாரம் இணைய வரைபடத்தில் தெருத்தெருவாக அலைந்து, ஒரு தேவாலயத்தின் பின்னால் ஒரு பச்சை பெஞ்சைத் தேர்ந்தெடுத்தேன். ஆமாம்... தேர்ந்தெடுத்தேன்!

இரண்டாம் நாள் மாலை அங்கே கூட்டிப்போனேன். நிலா புறாக்களின் பின்னால் போய்விட்டாள்.

"இங்கதானா?" என்றாள் ரேவதி.

"இங்கதான்."

"எந்தப் பக்கம் உட்கார்ந்தீங்க?"

இடது ஓரத்தைக் காட்டினேன். அவள் அங்கே போய் உட்கார்ந்து, பலகையைக் கையால் தடவிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"என்னை விட்டுட்டு நீங்க மட்டும் ஊர் சுத்திட்டீங்கன்னு இத்தனை வருஷம் உள்ளுக்குள்ள கோவமா இருந்தேன். பெஞ்சுன்னு சொன்னதையும் நான் நம்பல. ரொம்பத் தப்பா நினைச்சுட்டேன். மன்னிச்சிடுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்ல விடு" என்றேன்!

பொய் சொன்னவன் நான். அவளை மன்னித்தவனும் நானே!

அந்தப் பெஞ்சில் ரேவதி உட்கார்ந்திருக்க நான் எடுத்த படம் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் ரேவதியே அந்தக் கதையைச் சொல்கிறாள். இப்போது அடுக்களைக்கு எழுந்து போகிறவன் நான்.