நூற்றெட்டுச் சுற்று

நாற்பது வயதுக்கு மேல் நான் தொடங்கிய காரியங்கள் எல்லாம் வீட்டில் ஏதாவது ஒரு மூலையில் கிடக்கின்றன. கீபோர்டு மேல் இஸ்திரி போட வேண்டிய துணி இருக்கிறது. குரோஷா பின்னல் ஊசிகள் சமையலறையில் கரண்டிகளோடு சேர்ந்துவிட்டன. ஜெர்மன் கற்றுக்கொடுக்கும் ஆப், மூன்று வாரம் தினமும் என்னைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனது. என் கணவர் இதைப் பற்றியெல்லாம் ஒன்றும் சொல்ல மாட்டார். புதிதாக ஏதாவது வாங்கி வந்தால் மட்டும், “இதை எங்க வைக்கப் போற?” என்பார். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அவள் சிரிப்பதோடு சரி.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நடைப் போட்டி அறிவித்தபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். தினமும் ஆறாயிரம் ஸ்டெப் நடந்து, போன் காட்டும் எண்ணைப் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் போட்டியிலிருந்து வெளியே. எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அதற்காக நான் சேரவில்லை. ஒன்றே ஒன்றையாவது முடித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பரிசுகூட வேண்டாம். முடித்தேன் என்று இவர்கள் இரண்டு பேர் முகத்துக்கு நேராகச் சொன்னால் போதும்.

முதல் இரண்டு வாரம் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடந்தேன். பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஏரிப் பக்கம் சேறு, எங்கள் தெருவில் கணுக்கால் தண்ணீர். வீட்டுக்குள் ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்து பார்த்ததில் கீழ் வீட்டிலிருந்து புகார் வந்தது. தெருமுனை அம்மன் கோயிலில் சன்னதியைச் சுற்றித் தகரக் கூரை போட்டிருப்பார்கள். ஒரு சுற்று அறுபது ஸ்டெப். நூற்றெட்டுச் சுற்று போட்டால் ஆறாயிரத்தைத் தாண்டிவிடும். இதைக் கண்டுபிடித்த அன்று என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் எண் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே சுற்றினேன். எண்ணிக்கை விட்டுப்போகாமல் இருக்க வாயும் முணுமுணுக்கும். கோயில் வாசலில் பூக் கட்டுகிற பெண் இதை நாலு நாள் பார்த்திருக்கிறாள். என் வயதுதான் இருக்கும். ஐந்தாம் நாள் செருப்பு மாட்டும்போது கேட்டாள்.

“இன்னாக்கா, டெய்லி போன்ல சுலோகம் பாத்துகினே நூத்தியெட்டு சுத்துறியே. பெரிய வேண்டுதலா?”

ஸ்டெப் கணக்கு என்று அம்மன் வாசலில் நின்று சொல்ல வாய் வரவில்லை. அன்று காலையில்தான் என் கணவர், “இது எத்தனை நாளைக்கு?” என்று கேட்டிருந்தார். அந்தக் கடுப்பில் அவர்தான் வாயில் வந்தார்.

“வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லம்மா.”

வீட்டுக்காரர் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். தும்மினால்கூடப் பக்கத்து பிளாக்கில் கேட்கும். அவள் கட்டிக்கொண்டிருந்த சரத்தைப் பார்த்தபடியே, “எங்க ஊட்டுக்காரரும் நல்லாத்தான் இருந்தாரு. வேல செய்யற எடத்துலயே வுயுந்துட்டாரு. வேண்டிக்கக்கூட எனக்கு டைம் குடுக்கல” என்றாள். பிறகு, “நீ சுத்துக்கா. சரியாப்பூடும்” என்றாள்.

அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாளிலிருந்து என் செருப்பு நனையாமல் தன் படுதாவுக்குக் கீழே இழுத்து வைத்துவிடுவாள். நான் சுற்றும்போது யாராவது குறுக்கே நின்று பேசினால், “வழி வுடு, அந்தக்கா வேண்டுதல்ல கீது” என்று குரல் கொடுப்பாள். எனக்கு அது வசதியாகவே இருந்தது.

முப்பத்தொன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது. எழுந்து நிற்க முடியவில்லை. போனை மகளிடம் நீட்டி, எனக்காக ஆறாயிரம் நடந்துவிட்டு வரச் சொன்னேன்.

“அம்மா, இது சீட்டிங்” என்று அவள் போனைக் கட்டில் மேலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அன்றிரவே குழுவில் எங்கள் வீட்டு எண்ணுக்கு நேரே சிவப்புப் பெருக்கல் குறி விழுந்துவிட்டது. கணவர் ரசம் வைத்துக் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததுதான் எரிச்சலாக இருந்தது. மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். நாற்பத்தெட்டில் முப்பத்தெட்டு. கீபோர்டில்கூட இவ்வளவு தூரம் போனதில்லை.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. வீட்டுச் சாமிக்குப் பூ வாங்கப் போனேன். என்னைப் பார்த்ததும் பூக்காரி நூலைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். எழும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஜொரமாமே? உங்க வாட்ச்மேன் சொன்னாரு. நீ ஒண்ணும் கவலப்படாத. வேண்டுதல் நடுவுல நிக்கக்கூடாது, மூணு நாளும் நான் சுத்திட்டேன். நூத்தியெட்டு. பூசாரிய கேட்டேன், பேரு சொல்லிகினு சுத்துனா யாரு சுத்துனாலும் சேரும்னாரு. அவரு பேரு எனக்கு எங்க தெரியும்? ‘அந்தக்கா ஊட்டுக்காரரு, அந்தக்கா ஊட்டுக்காரரு’ன்னே சொல்லிகினு சுத்துனேன். ஆத்தாளுக்குத் தெரியாதா?”

ஒரு நொடி, ஒரே நொடி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. விட்டுப்போகவில்லை, இன்னும் கணக்கில் இருக்கிறேன் என்று மனம் கூட்டிப் பார்த்தது. அடுத்து வந்ததற்கு வெட்கம் என்று பெயர் வைத்தால் போதாது. மழையில் வியாபாரத்தை விட்டுவிட்டு, அந்த முட்டியோடு, தன் புருஷனுக்கு வேண்டிக்கொள்ள முடியாமல் போனவள், வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்த என் புருஷனுக்காக முந்நூற்று இருபத்துநான்கு முறை சுற்றியிருக்கிறாள்.

இதற்கு மேல் மறைக்க முடியவில்லை. போனைத் திறந்து காட்டினேன். “வேண்டுதல் எதுவும் இல்லம்மா. எங்க ஃபிளாட்ல நடக்குற போட்டி. அதுக்காகத்தான் சுத்தினேன். அவருக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. நல்லா இருக்காரு.”

அவள் போனைப் பார்த்தாள். பிறகு கோயிலுக்குள் பார்த்தாள்.

“அப்போ நான் சுத்துனது யாருக்கு?”

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். மன்னிச்சுக்கம்மா என்றேன். அது அவள் கேட்டதற்குப் பதில் இல்லை என்று சொல்லும்போதே தெரிந்தது. அவள் உட்கார்ந்து, வழக்கம்போல இரண்டு முழம் அளந்து, இலையில் மடித்து என் கையில் கொடுத்தாள். எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, “உனுக்கு எத்தினி மொயம்?” என்றாள்.