அரக்கு வைத்த மாதிரிச் சட்டை

சார் முதலில் ட்யூப் லைட்டை அணைப்பார். அடுத்து ஃபேனையும் நிறுத்துவார், துணி ஆடக் கூடாதாம். பிறகு இரும்பு பீரோவைத் திறந்து, பழுப்புக் காகிதத்தில் சுற்றிய ஒரு சட்டையைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கைகளிலும் ஏந்தி வருவார். வடக்குப் பார்த்த ஜன்னலுக்கு அடியில் இருக்கும் மேசையில் அதை விரித்து, பக்கத்தில் நாம் தைத்துக் கொண்டுபோன சட்டையை வைத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், போடுவார், மறுபடி கழற்றுவார். காலை பத்தரைக்கு மேல், பன்னிரண்டுக்குள். மேகம் மூடியிருந்தால் அன்றைக்குப் பார்க்க மாட்டார். ஐப்பசி, கார்த்திகையில் அந்த வராந்தா பெஞ்சில் மூட்டையோடு உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டே நான் கழித்த நாட்களில் இன்னொரு டிப்ளமா படித்து முடித்திருக்கலாம். இப்போது உள்ளங்கை அளவு மெஷின் ஒன்றைத் துணிமேல் வைத்தால் நிறம் சரியா தவறா என்று நொடியில் சொல்லிவிடுகிறது. அந்த மெஷினுக்கு யாரும் ஃபேனை நிறுத்துவதில்லை.

தாம்பரத்தைத் தாண்டி இருந்த ஒரு படைப் பயிற்சி முகாமில் சார் உடை ஸ்டோருக்குப் பொறுப்பாளர். பயிற்சிக்கு வரும் பையன்களின் சட்டை, பேண்ட், தொப்பி, பெல்ட், பூட்ஸ், கம்பளி, தண்ணீர் பாட்டில் எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்துப் பதினான்கு பெண்களை வைத்துத் தையல் யூனிட் நடத்திக்கொண்டிருந்தேன். ஸ்கூல் யூனிஃபார்ம் தைத்துச் சலித்துப்போய், முதன்முதலாகப் படை உடைக்கு ஆர்டர் எடுத்திருந்தேன். அறுநூறு சட்டை. வீட்டில் என் கால் தரையில் படவில்லை.

சாரைப் பற்றி எங்கள் வட்டாரத்தில் நல்லதாக ஒரு வார்த்தை கிடைக்காது. கறார் பேர்வழி, கல்நெஞ்சக்காரர், ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காதவர் என்பார்கள். எனக்கு அவரைப் பிடித்துப்போனது ஒரு பூட்ஸ் விஷயத்தில். புதிதாக வந்த பையன்கள் வரிசையில் நிற்க, பக்கத்திலிருந்த குமாஸ்தா ஒவ்வொருவனிடமும் அளவு கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். சார் அதை நிறுத்தினார். ஒவ்வொரு பையன் தோளிலும் முழுச் சுமையையும் ஏற்றி, அட்டைமேல் நிற்கவைத்து, பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்தார். "வாழ்நாளெல்லாம் செருப்பு போட்ட பசங்க. பூட்ஸ் சைஸ் அவனுக்கு எப்படித் தெரியும்? சுமையோட நின்னாத்தான் பாதம் விரியும். இல்லேன்னா இருபது கிலோமீட்டர்ல கால் புண்ணாயிடும்" என்றார். அந்தப் பையன்களுக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. அவர் எத்தனை கால்களைக் காப்பாற்றினார் என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. இதையெல்லாம் பார்த்துவிட்டு நான் அவரைக் கோபித்துக்கொள்வது எப்படி? ஆனாலும் கோபித்துக்கொண்டேன், அதுவும் சாதாரணமாக அல்ல.

என் அறுநூறு சட்டையையும் அவர் நிறம் சரியில்லை என்று தள்ளிவிட்டார்.

"டார்க்கா இருக்கும்மா. மாதிரிக்கு ஒத்து வரலை" என்றார். ஈரோட்டு மில்லில் அரசாங்கம் எழுதிக்கொடுத்த நிற எண்ணைக் காட்டி, எழுத்துப் பிசகாமல் நெய்து சாயமேற்றி வாங்கிய துணி அது. மில் கொடுத்த சான்றிதழை நீட்டினேன். அவர் அதை வாசித்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அவருக்குக் காகிதம் பெரிதில்லை. காலரில் அட்டை கட்டி, நூல் முடிச்சின்மேல் சிவப்பு அரக்கு முத்திரை வைத்து மேலிடத்திலிருந்து வந்த அந்த மாதிரிச் சட்டைதான் பெரிது. அதற்கு ஒத்துப்போனால் உள்ளே, இல்லையென்றால் வெளியே. படைத் துணியை வெளியில் விற்கவும் முடியாது. ஒரு முறை தள்ளப்பட்டால் மறு ஆர்டர் கிடையாது, பெயர் கறுப்புப் பட்டியலுக்குப் போய்விடும். பதினான்கு பெண்களிடம் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கும். மேலிடத்தில் இதே மாதிரியின் ஜோடி ஒன்று இருந்தது. அதை வரவழைத்துப் பார்க்கச் சொல்லி எழுதினால் பதில் வருவதற்குள் என் கெடு முடிந்துவிடும்.

மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வருவதற்குப் பதில் எனக்குக் கோபம்தான் வந்தது, எப்போதும் அப்படித்தான். ஏதாவது பேசிவிடுவேனோ என்று பயந்து, பார்வையை அந்த மாதிரிச் சட்டையிலேயே வைத்திருந்தேன். அப்போதுதான் பார்த்தேன். காலரில் கட்டிய அட்டை கொஞ்சம் நகர்ந்திருந்தது. அதன் ஓரத்தில் ஒரு நூல் அகலத்துக்குத் துணி அடர்பச்சையாக இருந்தது.

இருபது வருடம் துணியைப் பிரித்துத் தைத்தவளுக்கு அது என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பழைய சட்டையின் பாக்கெட்டைப் பிரித்தால் அடியில் துணி புதிதாக இருக்கும். வெயில் படாத இடம்.

"சார், இந்தச் சட்டையே வெளுத்துப் போயிருக்கு. அந்த அட்டைய எடுத்துட்டு அடியில பாருங்க."

"அட்டைய எடுக்கணும்னா அரக்கு சீலை உடைக்கணும். சீலை உடைச்சா இது மாதிரியே இல்ல, வெறும் சட்டை. நான் பதில் சொல்லணும்."

"இது பீரோவுக்குள்ளதானே சார் இருக்கு? வெயில் எங்கேருந்து வந்துச்சு?"

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த அறையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு சொன்னார். பெருவெள்ளம் வந்த அந்த டிசம்பரில் ஸ்டோருக்குள் தண்ணீர் ஏறியது. கம்பளி மூட்டைகளை மேலே ஏற்றிவிட்டு பீரோவைத் திறந்தால் மாதிரிகள் எல்லாம் நனைந்து கிடந்தனவாம். முத்திரை மட்டும் கலையவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு மாடியில் கயிறு கட்டி, ஒன்பது நாள் தானே பக்கத்தில் காவல் இருந்து வெயிலில் காயவைத்திருக்கிறார். சட்டை கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்ததை, பக்கத்திலேயே இருந்த மனிதர் கவனிக்கவில்லை. தினமும் பார்க்கும் முகத்தில் நரை தெரியாதில்லையா? அப்படித்தான்.

"அப்ப முடிச்சூர்ல எங்க வீட்ல கழுத்தளவு தண்ணி. வீட்டுக்காரியும் பசங்களும் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில நின்னாங்க. கல்யாண போட்டோ, பசங்க சர்ட்டிஃபிகேட், எல்லாம் போச்சு. நான் இங்க இதைக் காப்பாத்திட்டேன்னு இருந்தேன்" என்றார். என்னிடம் சொல்வதுபோலவே இல்லை. "நாளைக்கு வாம்மா" என்று எழுந்து ட்யூப் லைட்டைப் போட்டார்.

அன்று நான் தூங்கவில்லை என்று எழுதினால் பொய். அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். என் தரப்பில் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி அது அவர் பாடு என்று தோன்றிவிட்டது. அவர்தான் தூங்கியிருக்க மாட்டார். என் சட்டைகளை ஓசையில்லாமல் உள்ளே எடுத்துக்கொண்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஓய்வு பெற அவருக்கு ஒரு வருடம் பாக்கி, அதற்குள் ஒரு பதவி உயர்வும் வர இருந்தது. யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மறுநாள் அறையில் ஓர் அதிகாரியும் அந்தக் குமாஸ்தாவும் சாட்சிக்கு நின்றார்கள். சார் கத்தரிக்கோலால் நூலை வெட்டினார். அரக்கு உடைந்து மேசையில் சிதறியது. அட்டையைத் தூக்கினால், அடியில் ஒரு சதுரம், என் சட்டையின் அதே பச்சை. ஏற்கெனவே கைப்பட எழுதி வைத்திருந்த கடிதத்தை அவர் அதிகாரியிடம் கொடுத்தார். மாதிரி நனைந்ததையும், தான் வெயிலில் காயவைத்ததையும், மேலிடத்துக்குத் தெரிவிக்காததையும் எழுதியிருந்தார். என் அறுநூறும் உள்ளே போயின. அவருக்குக் கண்டனக் கடிதம் வந்தது, பதவி உயர்வு வரவில்லை. எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. ஏன் சார் இப்படி, பேசாமல் பாஸ் பண்ணியிருக்கலாமே என்று கேட்டேவிட்டேன்.

"உனக்கு முன்னாடி ரெண்டு பேரை இதே சட்டைய வெச்சுத் தள்ளியிருக்கேன்மா. பழைய ஆளுங்க என் மாதிரியப் பார்த்து அதுக்கேத்த மாதிரி சாயம் போட்டுக்கினு வந்தாங்க. ஒழுங்கா நம்பர் பார்த்துத் துணி வாங்கினது அந்த ரெண்டு பேர்தான்."

ஓய்வு பெற்ற மறுமாதமே என் ஷெட்டுக்கு வந்து, அந்த இரண்டு பேரையும் கண்டுபிடித்துத் தரச் சொன்னார். ஒருவர் திருப்பூரில் பெரிய ஆளாகியிருந்தார். போனில் கேட்டுவிட்டு, "அதெல்லாம் எப்பவோ சார், விடுங்க" என்று சிரித்தார். இன்னொருவர் பம்மலில் ஒரு ஜவுளிக் கடை வாசலில் ஒற்றைத் தையல் மெஷின் போட்டு, பேண்ட் கால் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். யூனிட் போய்விட்டிருந்தது. என் ஸ்கூட்டியின் பின்னால் சாரை உட்காரவைத்துக் கூட்டிப்போனேன்.

அந்த அண்ணன் சாரை உடனே அடையாளம் கண்டுகொண்டார். எழுந்திருக்கவில்லை, காலை மெஷினிலிருந்து எடுக்கவும் இல்லை. சார் நடுத்தெருவில் நின்றபடியே சொன்னார். "உங்க துணி சரியான துணிங்க. என் மாதிரிதான் வெளுத்துப் போயிருந்தது. தப்பு என்னுது."

மெஷின் நின்றது. திட்டப்போகிறார் என்று நான் நினைத்தேன், திட்டினாலும் நியாயம்தான் என்று சாரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அந்த அண்ணன் ஊசிக்கு அடியிலிருந்த துணியை மெதுவாக உருவி மடியில் வைத்துக்கொண்டார்.

"சார், இரு. இங்கியே இரு. எங்கயும் போயிடாத" என்றார். "வூடு பின்னாலதான் கீது. என் பொஞ்சாதிய இட்டாறேன். மட்டமான துணிய வாங்கி ஏமாத்தப் பார்த்தேன்னு இத்தினி வருஷமா அது நெனைச்சுகினு கீது சார். நான் சொன்னா நம்பாது. அதுங்கிட்ட இன்னொரு தபா சொல்லு."

ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி அந்த அக்கா வந்து நின்றார். சார் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். முதல் வார்த்தையிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னார், இந்த முறை இன்னும் சத்தமாக.