பதினேழு முடிச்சு

அப்பா அல்சூரில் சலவைக்காரர். உலகச் சண்டை நடந்தபோது அமெரிக்கப் பட்டாளத்துக்குத் துணி வெளுத்தார். கால்சட்டைப் பையில் காசு கிடந்தால் எடுத்துக் கந்தையில் முடிந்து வைப்பார். துணிக்கு உரியவரின் குறியை, வெளுத்தாலும் போகாத சேங்கொட்டை மையால் கந்தையிலும் போடுவார். வெளுத்த துணியோடு முடிச்சும் போய்விடும். பையில் கிடந்த காசைத் தொடக்கூடாது. எங்கள் தொழிலில் அப்படி.

ஒருநாள் பட்டாளம் திடீரென்று வண்டி ஏறியது. ஈரத் துணியை அப்படியே வாரிக்கொண்டு போனார்கள். பதினேழு முடிச்சுகள் ஒரு டப்பாவில் எங்களிடம் தங்கிவிட்டன.

எனக்கு ஒன்பது வயதான வருஷம் மழை விடவில்லை. துணி காயவில்லை, கூலியும் இல்லை. தம்பிக்கு நெஞ்சில் சளி கட்டி ஜுரம். ஊசி மருந்தை வெளியே வாங்கி வரச் சொன்னார் டாக்டர்.

“அந்தக் காசுல வெள்ளி இருக்குதாம். வெள்ளிக் கடையில போட்டுட்டு வாங்க,” என்றாள் அம்மா.

“கேட்டு வந்தா?”

“நாலணாவுக்குக் கப்பல் ஏறி வருவானா? புள்ள மூச்சு வாங்குறது தெரியலையா?”

“குறி இருக்குதே,” என்றார் அப்பா.

மறுநாள் அவர் சலவைத் துறைக்குப் போனதும் அம்மா டப்பாவை என் மடியில் வைத்தாள். “கந்தையெல்லாம் ஒரே அழுக்கு. அவுத்துத் தொவச்சுப் போடு பாப்பா.”

அவிழ்த்தேன். காசெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. ஒரு பொம்பளை முகம், மூக்கைக் காணோம். பறவைக்கு இறக்கை போயிருந்தது. எல்லாவற்றையும் ஒரே சொம்பில் போட்டேன். கந்தைகளைச் சோப்புப் போட்டுக் கசக்கினேன். குறி மட்டும் போகவில்லை.

அப்பா வந்து சொம்பைப் பார்த்தார். எது யார் காசு என்று இனி அவருக்கும் தெரியாது. அடி விழும் என்று மூலையில் ஒடுங்கினேன். விழவில்லை. அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். அடுப்பில் பானை இல்லை.

சொம்போடு என்னையும் கூட்டிக்கொண்டு சிவாஜி நகர் வெள்ளிக் கடைக்குப் போனார். சேட்டு காசைக் கல்லில் உரசினார்.

“எங்கே புடிச்சே இவ்ளோ?”

“துணில வந்தது.”

“நல்ல துணி! மூஞ்சியே தேஞ்சு போச்சே. எடைக்குத்தான் எடுப்பேன். செம்பு வேணாம்.”

அப்பா பேரம் பேசவில்லை. மருந்து வாங்கினோம். தம்பி பிழைத்தான்.

வழியில் கேட்டேன். “இப்ப அவங்க வந்தா என்னப்பா பண்ணுவ?”

“வரமாட்டாங்க.”

“முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

வீட்டுக்கு வந்து பதினேழு கந்தைகளையும் மடித்தார். சேட்டு ஒதுக்கிய செம்புக் காசுகளோடு டப்பாவில் வைத்து மூடினார். வெறும் கந்தை எதற்கென்று நினைத்தேன். அம்மா ஏன் ஒரு முடிச்சைக்கூடத் தன் கையால் அவிழ்க்கவில்லை என்று மட்டும் நினைக்கத் தோன்றவில்லை.